வழக்கறிஞர் அலுவலகத்தில் நாம் கொடுக்கும் ஆவணங்கள் யார் யார் கண்ணில் படும்?

கேள்வி: பவானிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவள். வேலை நிமித்தமாகச் சென்னையில் வசிக்கிறேன். மணமுறிவும் என் மகளுக்கான பராமரிப்புத் தொகையும் கோரி வழக்குத் தொடுப்பதென்று முடிவு செய்து, ஏழெட்டு வழக்கறிஞர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அலுவலகத்தை அணுகியிருக்கிறேன். முதல் சந்திப்பு நல்லபடியாகவே முடிந்தது. மறுநாள் அந்த அலுவலகத்தின் ஜூனியர் ஒருவர், தம்முடைய சொந்தக் கைப்பேசி எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். ஆதார், பான், சம்பளச் சீட்டுகள், மூன்று ஆண்டுகளுக்கான வங்கிக் கணக்கு விவரம், கணவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவற்றோடு, மகள் பிறந்த பிறகு மனச்சோர்வுக்காக நான் எடுத்துக்கொண்ட சிகிச்சையின் குறிப்புகளையும் அதே எண்ணுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அனுப்பாமல் நான்கு நாட்களாகத் தயங்கிக்கொண்டிருக்கிறேன்.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் ஊரில் என் தந்தையார் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று நடத்தினார். நாங்கள் தாக்கல் செய்யவிருந்த எதிர்வாதத்தின் முழு விவரமும், தாக்கலாவதற்கு ஒரு வாரம் முன்னரே பெரியப்பா வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வழக்கறிஞர்தான் சொல்லிவிட்டார் என்று அப்பா நம்பினார். அதன் பிறகு அவரிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அப்பா காலமான பிறகுதான், நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த தட்டச்சுக் கடையின் கணினியில் அந்த வரைவு அப்படியே கிடந்ததும், வேறு வேலையாக அங்கே போன பெரியப்பா மகன் கண்ணில் அது பட்டதும் எங்களுக்குத் தெரியவந்தது.

ஆகவே அறிந்தவர்களைக் கேட்கிறேன். கட்சிக்காரரின் அந்தரங்கத் தகவலைக் காக்க வேண்டும் என்ற கடமை வழக்கறிஞருக்கு மட்டும்தானா, அல்லது ஜூனியர், குமாஸ்தா, கணினியைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோருக்கும் உண்டா? ஒரு நல்ல அலுவலகம் இத்தகைய ஆவணங்களை எப்படிப் பெற வேண்டும், எங்கே வைத்திருக்க வேண்டும், வழக்கு முடிந்த பின் என்ன செய்ய வேண்டும்? நமக்காக வாதாடப்போகிறவரிடமே இவற்றையெல்லாம் கேட்டால், அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?

பதில்: சட்டக்கல்லூரிச் சாலை

வணக்கம் அம்மா. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையில் பெரும்பாலும் குடும்ப நல வழக்குகளையே நடத்திவரும் வழக்கறிஞன் நான். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கேளுங்கள். இப்படிக் கேட்கும் கட்சிக்காரர் வழக்கிலும் கவனமாக இருப்பார் என்பதால், எங்களில் பலருக்கு அது மகிழ்ச்சியையே தரும்.

கடமை யாருக்கு என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. முன்பு 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 126-ஆம் பிரிவில் இருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 132-ஆம் பிரிவில் இருக்கிறது. தொழில்முறையில் கட்சிக்காரர் தம்மிடம் சொன்னதையும், அந்தப் பணியின்போது தாம் படித்த ஆவணத்தின் உள்ளடக்கத்தையும், தாம் வழங்கிய ஆலோசனையையும் கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வழக்கறிஞர் வெளியிட முடியாது. வழக்கு முடிந்து, அவருக்கும் உங்களுக்கும் தொடர்பே அற்றுப்போன பிறகும் இந்தக் கட்டுப்பாடு நீடிக்கும். மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா, அலுவலகப் பணியாளர் ஆகியோருக்கும் இது பொருந்தும் என்று அதே பிரிவு சொல்கிறது. எனவே உங்களுக்குச் செய்தி அனுப்பிய ஜூனியரும், அலுவலகக் கதவைத் திறந்து வைக்கும் பணியாளரும் இந்தக் கட்டுக்குள் அடங்கியவர்களே. நீங்கள் உங்கள் வழக்கறிஞரிடம் அந்தரங்கமாகப் பேசியதைச் சொல்லும்படி உங்களையே நீதிமன்றம் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 134-ஆம் பிரிவு.

இரண்டு விலக்குகள் உண்டு. சட்டவிரோதமான ஒரு நோக்கத்தை நிறைவேற்றுவதற்காக வழக்கறிஞரிடம் சொல்லப்பட்டதும், அவர் பணியேற்ற பின்பு நடந்த குற்றத்தையோ மோசடியையோ காட்டுவதாக அவர் கவனித்த உண்மையும் பாதுகாப்புப் பெறாது. நடந்து முடிந்த ஒரு தவற்றை அஞ்சாமல் அவரிடம் சொல்லலாம். இனி ஒன்றைச் செய்வதற்கு உதவி கேட்டால் பாதுகாப்பு இல்லை.

வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளும் இதையே தொழில் ஒழுக்கமாக வலியுறுத்துகின்றன. கட்சிக்காரர் வைத்த நம்பிக்கையைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்வதையும் அவை தடை செய்கின்றன. மீறினால் வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 35-ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். கண்டனம் முதல் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்குவது வரை தண்டனை உண்டு.

இனி ஆவணங்களுக்கு வருகிறேன். வங்கிக் கணக்கு விவரத்தை அவர்கள் கேட்டதில் தவறு இல்லை. பராமரிப்புத் தொகை கோரும் வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் மருத்துவக் குறிப்பை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். குழந்தையின் பொறுப்பு குறித்த வாதம் எழும்போது எதிர்த்தரப்பு அதைப் பயன்படுத்தக்கூடும் என்பதால், உங்கள் வழக்கறிஞர் அதை அறிந்திருப்பது அவசியம். அறிந்திருப்பது வேறு, பிரதியை வழக்குக் கட்டில் வைத்திருப்பது வேறு. நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் படித்துக் குறித்துக்கொள்ளட்டும். மூலத்தையும் பிரதியையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். நாமே அதைச் சான்றாகக் காட்ட வேண்டிய நிலை வந்தால் அப்போது கொடுத்தால் போதும். என் கட்சிக்காரர்களிடம் நான் இப்படித்தான் சொல்லிவருகிறேன்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ஒவ்வொரு தாளின் பிரதியும் உங்கள் கணவருக்குப் போகும். எனவே எது அலுவலகத்தின் பார்வைக்கு மட்டும், எது தாக்கலுக்கு என்று தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். ஆதாரைப் பொறுத்தவரை, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே தரவிறக்கிக்கொள்ளலாம். வெளியார் விஷயத்தில் கவலை வேண்டாம். உங்கள் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருவதானால், 22-ஆம் பிரிவின்படி விசாரணை மூடிய அறையில் நடக்கும். நடவடிக்கைகளை அச்சிட்டு வெளியிடுவது குற்றம். அதற்கான அபராதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இல்லை என்பது, இந்தக் காலத்தில் எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

பதில்: பழைய குமாஸ்தா

அம்மா, முப்பத்து நான்கு ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் தந்தையாரின் கதையைப் படித்தபோது மனம் கனத்தது. இப்படிப் பழி சுமந்த வக்கீல்களை நான் பார்த்திருக்கிறேன். வக்கீலின் வாயிலிருந்து ரகசியம் வெளியே போனதை என் அனுபவத்தில் ஒருமுறைகூடக் கண்டதில்லை. தாள் நடக்கும் வழியில் அது சிந்துவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒரு மனு நடக்கும் வழியை எண்ணிப் பாருங்கள். சீனியர் சொல்லச் சொல்ல ஜூனியர் எழுதுகிறார், தட்டச்சாகிறது, திருத்தத்துக்காக ஒரு படி எடுக்கப்படுகிறது, திருத்திய பின் மீண்டும் ஒரு படி, நீதிமன்றத்துக்கு, எதிர்த்தரப்புக்கு, அலுவலகத்துக்கு என்று ஜெராக்ஸ், பிரமாணப் பத்திரம் நோட்டரியிடம் போகிறது, தாக்கல் பிரிவில் குறை சொல்லித் திருப்பினால் மறுபடியும் இதே சுற்று. இதில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு தாளோ, ஒரு கோப்போ மிச்சம் விழுகிறது. அதை யார் எடுத்து அழிக்கிறார் என்பதுதான் கேள்வி.

நான் இருந்த அலுவலகத்தில் நீண்டகாலம் ஒரு பழக்கம் இருந்தது. பிழையாக அச்சான தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் அதைக் குறிப்பெழுதப் பயன்படுத்துவோம்; தாளை வீணாக்கக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஒருநாள் வழக்குச் செலவுக் கணக்கை அப்படி ஒரு தாளில் எழுதி ஒரு கட்சிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுக்குப் போய்த் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் இன்னொரு குடும்பத்தின் ஜீவனாம்ச மனுவின் மூன்றாம் பக்கம். நல்ல மனிதர், மறுநாளே கொண்டுவந்து கொடுத்து, எங்கள் சீனியரிடம் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று வந்த அழுகை இன்னும் நினைவில் இருக்கிறது. அன்று மாலையே சீனியர் தாளைத் துண்டுதுண்டாக அரியும் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்தார். அதன் பிறகு, ஒருபக்கத் தாள் என்ற பேச்சே அங்கே இல்லை.

பிறகு படிப்படியாக வேறு சில வழக்கங்களும் வந்தன. கட்டின் மேலட்டையில் பெயர் தெரியாதபடி வழக்கு எண் மட்டும் எழுதத் தொடங்கினோம். மேசையில் கட்டுகளைக் கவிழ்த்து வைத்தோம். காத்திருக்கும் அறையிலிருந்து சீனியர் அறையில் நடக்கும் பேச்சு கேட்கிறது என்று தெரிந்ததும் நடுவில் கதவு போட்டோம். கட்டை அலுவலகத்திலிருந்து யார் எடுத்தாலும், எந்தத் தேதியில், எந்த நீதிமன்றத்துக்கு என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். முடிந்துபோன வழக்குகளின் கட்டுகள் பரணில் நிறைந்தால், பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடும் வழக்கம் அந்தக் காலத்தில் பல இடங்களில் இருந்தது. விற்ற தாள் பெட்டிக்கடையில் பொட்டலமாக மடிந்து வந்ததைப் பார்த்தவன் நான். நீங்கள் போகும் அலுவலகத்தில் பழைய கட்டுகளை என்ன செய்கிறார்கள் என்று அவசியம் கேளுங்கள்.

கடை பற்றியும் கேளுங்கள். மனுவை வெளியே தட்டச்சுக்குக் கொடுக்கிறார்களா, பிரதியை எங்கே எடுக்கிறார்கள்? நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில், பிரதி எடுப்பதற்காகவே கோப்பை வாட்ஸ்அப்பில் கடைக்காரரின் எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். கடைக்காரர் கெட்டவரல்ல, நாளைக்கு நூறு பேருக்கு வேலை செய்பவர், அந்தக் கோப்புகளை அழிக்க அவருக்கு நேரம் இல்லை. அலுவலகத்திலேயே அச்சுப்பொறியும் நகல் இயந்திரமும் இருப்பதை, கட்சிக்காரருக்குச் செய்யும் பெரிய மரியாதையாக நான் நினைக்கிறேன்.

பதில்: வழங்கி அறை

சில வழக்கறிஞர் அலுவலகங்களுக்குக் கணினி அமைப்புகளைப் பராமரித்துத் தருவது என் தொழில். ஐயா தாளுக்குச் சொன்னது அனைத்தும் கோப்புக்கும் பொருந்தும். கோப்பு மட்டும் நடக்காமல் தாவுகிறது.

ஜூனியரின் சொந்த எண்ணுக்கு அனுப்ப நீங்கள் தயங்கியது சரியே. அவர் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் கைப்பேசிக்கு வரும் படங்கள் தானாகவே படத்தொகுப்பில் சேரும்; அங்கிருந்து, இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் அவருடைய சொந்த மேகக் கணக்குக்கு நகலாகும்; வீட்டில் யாரேனும் அந்தக் கைப்பேசியை எடுத்துப் பார்க்கவும் கூடும். அடுத்த ஆண்டு அவர் வேறு அலுவலகத்துக்குப் போனால், உங்கள் வங்கிக் கணக்கு விவரமும் அவரோடு போகும். அலுவலகத்துக்கு அதை நீக்க வழியே இருக்காது.

முறையாக நடக்கும் அலுவலகத்தில், ஆவணங்களைப் பெறுவதற்கு அலுவலகத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரியோ, கட்சிக்காரர் நேரடியாகப் பதிவேற்றும் பாதுகாப்பான கோப்புறையோ இருக்கும். அந்தக் கணக்குக்கு ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல்லும், கைப்பேசிக்கு வரும் எண்ணை இட்டு உறுதிசெய்யும் இரண்டாம் படியும் வேண்டும். நான் புதிதாக ஓர் அலுவலகத்துக்குப் போகும்போது பெரும்பாலும் காண்பது, பத்துப் பேரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதும், அது திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருப்பதும்தான். அப்படி இருந்தால், எந்தக் கோப்பை யார் திறந்தார் என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வழக்கின் கோப்புறையை உங்கள் வழக்கில் வேலை செய்பவர்கள் மட்டுமே திறக்க முடிய வேண்டும். அலுவலகத்தில் ஏழெட்டு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக, ஏழெட்டுப் பேரும் உங்கள் மருத்துவக் குறிப்பைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

மடிக்கணினிகள் நீதிமன்றத்துக்கும் வீட்டுக்கும் பயணம் செய்பவை. ரயிலிலும் ஆட்டோவிலும் மறந்து விடப்படுபவை. வட்டு முழுவதையும் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து வைத்திருந்தால், திருடியவருக்கு இயந்திரம் கிடைக்குமே தவிர உள்ளே இருப்பது கிடைக்காது. இதைச் செய்வதற்கான வசதி பல மடிக்கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது. இயக்கி வைப்பவர்கள்தாம் குறைவு. கோப்புகளின் நகல் ஒன்று வலைப்பின்னலோடு இணையாத தனி வட்டில் இருக்க வேண்டும். உலகின் மிகப் பெரிய சட்ட நிறுவனங்களுள் ஒன்றான டிஎல்ஏ பைப்பரில், 2017 ஜூன் மாதம் நாட்பெட்யா என்ற, கணினிகளை முடக்கும் தீநிரல் புகுந்து, தொலைபேசியும் மின்னஞ்சலும் நாட்கணக்கில் முடங்கிப்போயின. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், மற்றவர்கள் தங்களை யார் தாக்கப்போகிறார்கள் என்று இருந்துவிடக் கூடாது.

புதிதாக ஒரு பழக்கம் வந்திருப்பதையும் சொல்ல வேண்டும். மனுவைச் சுருக்கவும் மொழிபெயர்க்கவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகளில் கட்சிக்காரரின் ஆவணத்தை அப்படியே ஒட்டுகிறார்கள். அது அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒரு நிறுவனத்தின் கையில் ஆவணத்தைக் கொடுப்பதாகும். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்காக வகுத்த கொள்கையில், மேகக் கணிமைவழி இயங்கும் இத்தகைய சேவைகளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர்களை அது கட்டுப்படுத்தாது என்றாலும், காரணம் இருவருக்கும் ஒன்றே. பெயர், எண், முகவரி ஆகியவற்றை நீக்காமல் உங்கள் தாள்களை இவற்றில் இட மாட்டார்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பணம் செலுத்துவதிலும் ஓர் எச்சரிக்கை. அலுவலகத்தின் மின்னஞ்சலைப் போலவே தோன்றும் ஒரு முகவரியிலிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது, கட்டணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்பவும் என்று செய்தி வந்தால் நம்ப வேண்டாம். ஏற்கெனவே உங்களிடம் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

பதில்: மதுரை அமர்வு

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். சில இடங்களில் சட்டம் அத்தனை இறுக்கமாக இல்லை என்பதையும் அம்மா தெரிந்துகொள்வது நல்லது.

132-ஆம் பிரிவின் பாதுகாப்பு வழக்கறிஞர் வாய் திறப்பதற்கே முதன்மையாகப் பொருந்தும். அவர் கையில் இருக்கும் ஆவணத்தையே ஒப்படைக்கச் சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்வி, விசாரணை அமைப்புகள் வழக்கறிஞர்களுக்கு அழைப்பாணை அனுப்பத் தொடங்கியபோது பெரிதாக எழுந்தது. உச்ச நீதிமன்றம் இதைத் தாமாகவே முன்வந்து எடுத்து விசாரித்து, 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. கட்சிக்காரரின் விவரங்களைக் கேட்டு வழக்கறிஞருக்கு அழைப்பாணை அனுப்பக் கூடாது. விலக்குகளுள் ஒன்றின் கீழ் அனுப்புவதானால், எந்த விலக்கு என்பதை அதிலேயே குறிப்பிட்டு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்து வடிவ ஒப்புதலையும் பெற வேண்டும். ஆவணங்களை ஒப்படைப்பது இந்தப் பிரிவின் பாதுகாப்புக்குள் வராது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அவற்றை நீதிமன்றத்தின் முன்புதான் வைக்க வேண்டும். கணினியோ கைப்பேசியோ கேட்கப்பட்டால், அதையும் நீதிமன்றத்திடமே கொடுக்க வேண்டும். கட்சிக்காரரும் வழக்கறிஞரும் உடனிருக்க, அவர்கள் தெரிவு செய்யும் வல்லுநரின் உதவியோடு மட்டுமே திறக்க வேண்டும். மற்றக் கட்சிக்காரர்களின் ரகசியம் வெளிப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் தனிக் கோப்புறை வேண்டும் என்று முந்தைய பதிலில் சொன்னதற்கு இது இன்னொரு வலுவான காரணம்.

அடுத்தது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை என்று நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாதங்கள், அதாவது 2027 மே வரை, அவகாசம் தரப்பட்டது. இதில் பலரும் கவனிக்காத ஓர் இடம் 17-ஆம் பிரிவு. சட்டப்படியான உரிமையையோ கோரிக்கையையோ நிலைநாட்டுவதற்குத் தேவையான அளவில் தரவைக் கையாளும்போது, சம்மதம் பெறுவது, தகவல் கசிந்தால் உரியவருக்குத் தெரிவிப்பது, கேட்டால் அழிப்பது போன்ற கடமைகளிலிருந்து விலக்கு கிடைக்கிறது. சட்டத்துக்குக் கட்டுப்படும் பொதுவான பொறுப்பும், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யும் கடமையும் மட்டும் எஞ்சுகின்றன. ஆகவே உங்கள் ஆவணம் கசிந்தால் உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு இந்தச் சட்டத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வழக்கறிஞரை அமர்த்தும்போது எழுதிக்கொள்ளும் பணியமர்த்தும் கடிதத்தில் அதை ஒரு வாக்கியமாக எழுதி வாங்குங்கள்.

அதற்கு முந்தைய ஏற்பாடான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, தொழில்முறைப் பணி செய்யும் கூட்டு நிறுவனங்களையும் உள்ளடக்குகிறது. வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு போன்ற அந்தரங்கத் தகவல்களைக் காப்பதில் அலட்சியம் காட்டி இழப்பு ஏற்படுத்தினால், இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். புதிய சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வரும்போது அந்தப் பிரிவு நீங்கிவிடும்.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனால் இன்னொரு சிக்கல் உண்டு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் ஏறிவிடுகின்றன. விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பில் மறைக்க வேண்டும் என்று எங்கள் மதுரை அமர்வு 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எனவே பெயரை மறைக்கும் கோரிக்கையைத் தீர்ப்பு வந்த பிறகு எழுப்புவதைவிட, மேல்முறையீட்டின் முதல் நாளிலேயே மனுவாக வைக்கச் சொல்லுங்கள்.

பவானிக்கரை:

அனைவருக்கும் மிக்க நன்றி. குமாஸ்தா ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். நான் கேட்பவற்றுக்கு இந்த அலுவலகம் ஒப்புக்கொள்ளாமல், வேறு வழக்கறிஞரிடம் போக நேர்ந்தால், இதுவரை கொடுத்த ஆவணங்களைத் திருப்பித் தர மறுக்க முடியுமா? என்னிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு என் கணவருக்காக ஆஜராக முடியுமா?

பதில்: சட்டக்கல்லூரிச் சாலை

இரண்டுமே முடியாது அம்மா. கட்டணப் பாக்கி இருந்தாலும்கூட, அதற்கு ஈடாக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கிக்கு அவர் வேறு வழியில்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ, மனு எழுதிக் கொடுத்தவரோ, அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்காக ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 33-ஆம் விதி. கூட்டாக இயங்கும் அலுவலகங்களில் இதற்காகவே, புதிதாக வருபவரின் பெயரையும் எதிர்த்தரப்பின் பெயரையும் முதலில் பதிவேட்டில் தேடிப் பார்ப்பார்கள். அந்தத் தேடல் முடியும் வரை உங்கள் கதை முழுவதையும் கேட்காமல் இருப்பதே நல்ல வழக்கம். உங்களிடம் முதல் சந்திப்பில் கணவரின் பெயரையும் ஊரையும் முதலிலேயே கேட்டிருந்தால், அது இதற்காகத்தான் இருக்கும்.

ஆவணங்களைத் திரும்பப் பெறும்போது, எவை எவை என்று பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும்போதும் அப்படியே.

பவானிக்கரை:

நேற்று மாலை அலுவலகத்துக்குப் போய் வந்தேன். இங்கே எழுதிய அனைவருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

முதல் சந்திப்பில் கணவரின் பெயரையும் ஊரையும்தான் அவர்கள் முதலில் கேட்டார்கள். அதன் காரணம் இப்போதுதான் புரிந்தது. என் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூத்த வழக்கறிஞர் அம்மையார் அதை வாங்கி முழுவதும் படித்தார். ஜூனியர் சொந்த எண்ணில் ஆவணம் கேட்டது தமக்குத் தெரியாது என்றும், அது சரியல்ல என்றும் அவரையும் வைத்துக்கொண்டே சொன்னார். அலுவலக மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் கொடுத்தார்; கடவுச்சொல்லிட்ட கோப்பாக அனுப்பிவிட்டு, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மருத்துவக் குறிப்பை அவர் எதிரிலேயே அமர்ந்து படித்தார். இரண்டு வரி குறித்துக்கொண்டு என்னிடமே திருப்பித் தந்தார். என் கோப்புறையை அவரும் இன்னும் ஒரு வழக்கறிஞரும் மட்டுமே திறக்கும்படி மாற்றச் சொல்லிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு முடிந்தவுடன் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்று கேட்டேன். மேல்முறையீட்டுக்கான காலம் கடக்கும் வரையிலும், பராமரிப்புத் தொகை வராமல் போய் நிறைவேற்று மனுப் போட நேர்ந்தால் அதுவரையிலும் தாக்கலான ஆவணங்களின் படி தேவைப்படும் என்று சொன்னார். மூல ஆவணங்களை உடனே தந்துவிடலாம் என்றார். மகளுக்காகக் கேட்கும் தொகை பல ஆண்டுகளுக்கு உரியது என்பதால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தகவல் கசிந்தால் தெரிந்த நாளிலேயே எனக்குச் சொல்ல வேண்டும் என்ற வாக்கியத்தைப் பணியமர்த்தும் கடிதத்தில் தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

கிளம்பும்போது, மனுவை எங்கே தட்டச்சு செய்கிறீர்கள் என்று கேட்டேன். உள்ளறையில் இரண்டு கணினிகளையும் ஓர் அச்சுப்பொறியையும் காட்டினார். வெளியே எதையும் கொடுப்பதில்லை என்றார். அச்சுப்பொறியின் அருகில் ஒருபக்கத் தாள்கள் ஓர் அடுக்காக இருந்தன. குமாஸ்தா ஐயா எழுதியதைச் சொன்னேன். அவர் அந்த அடுக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் தம் அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டினார்.

வக்காலத்தில் இன்று காலை கையெழுத்திட்டுவிட்டேன்.